முழங்கை ஊசி: ஆறு வாரக் கணக்கும் ஒரு வருஷக் கணக்கும்

ராஸ் அல் கைமா நக்கீல் பக்கம் எந்தக் கஃப்டீரியாவில் வேண்டுமானாலும் உட்கார்ந்து, "முழங்கை வலி தாங்கல" என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள். சுலைமானி மேசைக்கு வருவதற்குள் நாலு வைத்தியம் வந்து சேரும். மலப்புரத்துக்காரர் தைலம் சொல்வார். திருத்தணி பக்கத்து ஆள், "லீவுக்குப் போறப்ப புத்தூர்ல ஒரு கட்டுப் போட்டுட்டு வாங்க" என்பார். பார்மசியில் வேலை செய்யும் தம்பி வோல்டரன் ஜெல்லும் முழங்கை பெல்ட்டும் எழுதிக் கொடுப்பார். நாலாவது ஆள் மட்டும் ஒரே அடியாக, "அதெல்லாம் டைம் வேஸ்ட் பாய். ஒரே ஊசி. மூணாம் நாள் டூட்டி" என்பார்.

நாலாவது ஆள் பொய் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே மூணாம் நாள் வலி போயிருக்கும். ஆனால் பத்தாம் மாசம் அதே ஆளைப் பிடித்து, "இப்ப கை எப்படி இருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. அதற்குள் அவர் வேறு சைட்டுக்குப் போயிருப்பார், அல்லது கேட்டவர் எக்ஸிட்டில் ஊருக்கே போயிருப்பார். வளைகுடாவில் வைத்திய அனுபவங்கள் எல்லாமே பாதியில் அறுந்த கதைகள்தான்.

எனக்கு இதில் அக்கறை வந்ததற்குக் காரணம் என் வலது கை. டைல்ஸ் கோடவுனில் ஸ்டோர் பார்க்கிறேன். 60க்கு 60 போர்சலின் டைல் ஒன்று ஏழு எட்டுக் கிலோ இருக்கும். கஸ்டமருக்குக் காட்ட ஸ்டாண்டிலிருந்து அதை உள்ளங்கை கீழே பார்த்தபடி பிடித்து உருவ வேண்டும். அப்படி உருவி உருவித்தான் வந்தது. போன குளிர்காலத்தில் ஆரம்பித்தபோது வெறும் உறுத்தல். கோடை பிறக்கும்போது கெட்டிலைத் தூக்கி டீ ஊற்ற முடியவில்லை, ரூமில் துவைத்த லுங்கியைப் பிழிய முடியவில்லை. வேடிக்கை என்னவென்றால் உள்ளங்கையை மேலே திருப்பி வைத்துக்கொண்டு அரிசி மூட்டைகூடத் தூக்கலாம், வலிக்காது. கீழே திருப்பினால் ஒரு நாற்காலியைத் தூக்கினாலும் முழங்கையின் வெளிப்பக்க எலும்புக் குமிழில் சுருக்கென்று குத்தும். டாக்டர் என் நடுவிரலை நீட்டச் சொல்லி அதன்மேல் ஒரு விரலால் அழுத்தினார். கத்திவிட்டேன். "டென்னிஸ் எல்போ" என்றார்.

இந்தப் பெயரை நம் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் டெண்டுல்கர். 2004இல் அவர் கை மடங்கியபோது ஊரே முழங்கை நிபுணர் ஆனது. 2005 மே மாதம் லண்டனில் ஆபரேஷன், அக்டோபரில் நாக்பூரில் இலங்கைக்கு எதிராகத் திரும்பி வந்து 93. நம் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது அந்த 93தான். அப்படியொரு கம்பேக் நமக்கும் வேண்டும் என்று ஆசைப்படுகிறோம், அதுவும் மூணாம் நாளிலேயே.

நோயின் ஊற்றுக்கண் எங்கே என்று பார்த்துவிட்டால் ஊசிகளை எடைபோடுவது சுலபம். மணிக்கட்டை மேல்நோக்கித் தூக்கும் தசைகள் முழங்கையின் வெளிப்பக்க எலும்பில்தான் தசைநாணாக வந்து ஒட்டுகின்றன. எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் மணிக்கட்டு மடங்கிவிடாமல் இவைதான் பிடித்து நிறுத்தும். அதனால்தான் டீ கிளாஸைப் பிடித்தால்கூட முழங்கையில் வலிக்கிறது. முன்பெல்லாம் அந்த இடத்தில் அழற்சி, அதாவது வீங்கிச் சிவக்கும் சமாச்சாரம், இருப்பதாக நினைத்தார்கள். 1979இல் நிர்ஷல், பெட்ரோன் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் ஆபரேஷனில் எடுத்த திசுவை ஆராய்ந்து எழுதினார்கள். அழற்சிச் செல்கள் அங்கே அவ்வளவாக இல்லை. தேய்ந்து இழை இழையாகப் பிரிந்த பழைய கயிறு மாதிரி தசைநாண் சிதைந்து, கோணல்மாணலாக ஆறப் பார்த்துக்கொண்டிருந்தது. அழற்சியை அடக்கும் மருந்து ஸ்டீராய்டு. அங்கே அடக்குவதற்கு அழற்சியே பெரிதாக இல்லை என்றால் அந்த ஊசி எதைக் குணப்படுத்துகிறது?

வலியைக் குறைக்கிறது. அதில் சந்தேகமே இல்லை. நெதர்லாந்தில் 185 பேரை வைத்து நடந்த ஒரு சோதனை, 2002இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பகுதியினருக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பகுதியினருக்குப் பிசியோதெரபி, மூன்றாவது பகுதியினரிடம் "கையைப் பார்த்துப் பயன்படுத்துங்கள், வலித்தால் மாத்திரை, காத்திருங்கள்" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆறாவது வாரம் பார்த்தால் ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேருக்கு நல்ல குணம். பிசியோவில் 47. சும்மா காத்திருந்தவர்களில் 32. இத்தோடு கதையை நிறுத்தினால் நம் நாலாவது ஆள் ஜெயித்துவிட்டார்.

ஒரு வருஷம் கழித்து மறுபடி எண்ணினார்கள். ஊசிக்காரர்களில் 69 சதவீதம். பிசியோ 91. ஒன்றும் செய்யாமல் காத்திருந்தவர்கள் 83. இந்த மூன்று எண்களை முதலில் படித்தபோது பக்கத்தைத் திருப்பிவிட்டு, திரும்ப வந்து மறுபடி படித்தேன். ஊசி போட்டவர்கள், ஒன்றுமே போடாதவர்களை விடப் பின்தங்கிவிட்டார்கள்.

ஏதோ ஒரு ஊர் ஆய்வு என்று தள்ளவும் முடியாது. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேன் ஆட்கள் 2006இல் இதையே செய்து பார்த்தார்கள். ஊசி போட்டவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி திரும்பி வந்திருந்தது. அதே ஊர்க்காரர்கள் 2013இல் இன்னும் கறாராக ஒன்று செய்தார்கள். 165 பேர், சிலருக்கு ஸ்டீராய்டு, சிலருக்கு வெறும் உப்புநீர் ஊசி. யாருக்கு எது என்று போட்டுக்கொண்டவருக்கே தெரியாது. ஒரு வருஷம் கழித்து உப்புநீர்க் கூட்டத்தில் 96 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள், ஸ்டீராய்டுக் கூட்டத்தில் 83. வலி திரும்பியது ஸ்டீராய்டில் 54 சதவீதம் பேருக்கு, உப்புநீரில் 12 சதவீதம் பேருக்கு. "ஊசியும் போட்டு பிசியோவும் செஞ்சா ரெண்டும் சேர்ந்து சரியாயிடும்" என்று பலர் சொல்கிறார்களே, அதையும் அந்த ஆய்வு பார்த்துவிட்டது. பிசியோ சேர்ந்ததால் ஸ்டீராய்டுக்காரர்களின் ஒரு வருஷக் கணக்கு மாறிவிடவில்லை.

ஏன் இப்படி? ஸ்டீராய்டு தசைநாணின் கொலாஜன் உற்பத்தியை மட்டுப்படுத்தும் என்பது ஒரு காரணம். இன்னொன்றுக்கு ஆய்வகம் தேவையில்லை, எங்கள் தெரு ஹோட்டலுக்கு வந்தால் போதும். அங்கே பரோட்டா மாஸ்டர் ஒருவர், ராமநாதபுரத்துக்காரர், கொத்து பரோட்டாவுக்கு இரண்டு தகடுகளையும் கல்லில் அடிக்கும் சத்தம் மெயின் ரோடு வரைக்கும் கேட்கும். வலது முழங்கையில் ஊசி போட்டுக்கொண்ட மூன்றாம் நாள் மனிதர் பழைய வேகத்துக்கு வந்துவிட்டார். வியாழன், வெள்ளி இரவுக் கூட்டத்துக்கு மாவும் அவரே விசிறினார். வலி என்ற காவல்காரன் தூங்கிவிட்டால் கைக்கு எல்லை எது? ரம்ஜான் நெருங்கியபோது இடது கையால் தகடைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தார்.

"என்ன மாஸ்டர், திரும்ப வந்திருச்சா?"

"வந்திருச்சுண்ணே. இந்தத் தடவை மேல தோள் வரைக்கும் இழுக்குது. இன்னொண்ணு போட்டுரலாமான்னு பாக்குறேன்."

இந்த "இன்னொண்ணு"தான் எனக்குப் பயம். முதல் ஊசிக்கு ஒரு நியாயம் சொல்லலாம். இன்னும் மூன்று வாரத்தில் பிராஜெக்ட் கைமாற்றம், அது முடிந்தால் ஆள் இரண்டு மாசம் லீவில் போகிறார், அதுவரை கை ஓட வேண்டும் என்றால், பிறகு வரப்போகிற வலிக்கு இன்றே கடன் வாங்குகிறோம் என்று தெரிந்து போட்டுக்கொள்வது ஒரு முடிவு. அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது. ஊரில் வட்டி ஓடிக்கொண்டிருக்கிறவனிடம் ஒரு வருஷக் கணக்கைக் காட்டி என்ன பயன்? ஆனால் இரண்டாவது, மூன்றாவது என்று போகும்போது கடனுக்குக் கடன் வாங்குகிறோம்.

நம் ஆட்களுக்கென்று இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று, சுகர். வளைகுடாவில் நம்மவர்களுக்கு சுகர் எவ்வளவு சகஜம் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முழங்கையில் போட்ட ஸ்டீராய்டு முழங்கையிலேயே நின்றுவிடாது, கொஞ்சம் ரத்தத்திலும் கலக்கும். சுகர் உள்ளவர்களுக்குச் சில நாட்களுக்கு அளவு ஏறி நிற்கும். ஊசி போடுகிறவரிடம் சுகர் இருப்பதை முதல் வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள். அவர் கேட்கட்டும் என்று இருக்காதீர்கள்.

இரண்டு, தோல். முழங்கையின் அந்த இடத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதையே கிடையாது. மருந்து கொஞ்சம் மேலே தங்கினால் தோலின் நிறம் வெளிறும், அடியில் உள்ள கொழுப்பு கரைந்து பள்ளம் விழும். என் ரூம்மேட்டின் முழங்கையில் ஒரு திர்ஹம் காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு வட்டம் இருக்கிறது. நடுவில் லேசாகக் குழிந்து, அடியில் ஓடும் நரம்பு நீலமாகத் தெரியும். வெள்ளைக்காரனுக்கு இது கண்ணில் படாது. நம் நிறத்துக்கு எட்ட நின்றே தெரியும். வெண்குஷ்டமோ என்று ஊரில் பொண்ணு பார்க்கப் போன இடத்தில் கேட்டார்களாம். நாளாக ஆக நிறம் திரும்பக்கூடும், ஆனால் பொண்ணு வீட்டார் அதுவரை காத்திருப்பார்களா?

ஸ்டீராய்டின் பெயர் கொஞ்சம் கெட்டுப்போன பிறகு வந்தது பிஆர்பி. உங்கள் கையிலிருந்தே ரத்தம் எடுத்து, மெஷினில் சுழற்றி, தட்டணுக்கள் செறிந்த மஞ்சள் நீரை மட்டும் பிரித்து முழங்கையில் செலுத்துவது. தட்டணுக்களில் வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன, சிதைந்த தசைநாணை அவை ஆற்றும் என்பது தத்துவம். கேட்க நன்றாக இருக்கிறது. நம் ரத்தம், நம் மருந்து, சைடு எஃபெக்ட் இல்லை. நாலாவது ஆளின் நவீன வாரிசுகள் இப்போது இதைத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலும் இன்சூரன்ஸ் தராது. நான் விசாரித்த இடங்களில் சொன்ன தொகை ஒரு ஹெல்ப்பரின் மாசச் சம்பளத்தைத் தொட்டது.

2010இல் நெதர்லாந்தில் 100 பேரிடம் நடந்த ஒரு சோதனைதான் பிஆர்பிக்குக் கொடி பிடித்தது. ஒரு வருஷ முடிவில் பிஆர்பி போட்டவர்களில் 73 சதவீதம் பேருக்கு வலி குறிப்பிடத்தக்க அளவு குறைந்தது, மற்றவர்களில் 49. கிளினிக் சுவரொட்டிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அந்த மற்றவர்கள் யார் என்று பாருங்கள். ஸ்டீராய்டு போட்டவர்கள். ஒரு வருஷத்தில் பின்தங்கிப்போவார்கள் என்று நமக்கு ஏற்கெனவே தெரிந்த அதே கூட்டம். நொண்டியோடு ஓடி ஜெயித்தவனுக்குக் கோப்பை கொடுக்கலாமா?

உப்புநீரோடு ஓடவிட்டபோது படம் மாறியது. 2013இல் டென்மார்க்கில் 60 பேர்: பிஆர்பி, ஸ்டீராய்டு, உப்புநீர். மூன்றாம் மாசம் வலியில் மூன்றுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பிறகு 2021இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு, ரத்த ஊசி, பிஆர்பி ஊசி பற்றிய 32 ஆய்வுகளை, மொத்தம் 2337 பேரை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. நோயாளி உணரும் அளவுக்கு நன்மை அநேகமாக இல்லை என்பதுதான் அவர்கள் முடிவு. அமெரிக்காவில் 230 பேரிடம் 2014இல் நடந்தது போல ஆறு மாதத்தில் பிஆர்பி முந்தியதாகச் சொன்ன தனி ஆய்வுகளும் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் என் பாக்கெட்டிலிருந்து அவ்வளவு பணத்தை எடுக்க வைக்கும் பலம் அந்த ஆதாரத்துக்கு இல்லை. ஸ்டீராய்டு போலக் கெடுதல் செய்வதாகத் தெரியவில்லை என்பது மட்டும் அதன் பக்கம் நிற்கிறது. போட்ட பிறகு சில நாள் நன்றாக வலிக்கும், அது வேறு.

"ஆனா எங்க மச்சானுக்குக் கேட்டுச்சே!" என்பீர்கள். கேட்டிருக்கும். மச்சான் எப்போது போட்டார்? வெக்கேஷனில். திருச்சியிலோ சென்னையிலோ போய்ப் போட்டு, ஒரு மாசம் வீட்டில் உட்கார்ந்து, தலையணை மேல் கையை வைத்து, மனைவி பிசைந்து போட்ட சோற்றைச் சாப்பிட்டு, ஒரு ரப்பர் சுத்தியலைக்கூடத் தொடாமல் இருந்தார். திரும்பி வந்ததும், "பிஆர்பி சூப்பர்" என்றார். அந்த ஒரு மாசத்தில் ஊசிக்கு எவ்வளவு பங்கு, ஓய்வுக்கு எவ்வளவு பங்கு என்று மச்சானால் எப்படிப் பிரிக்க முடியும்? அதைப் பிரிக்கத்தான் உப்புநீர்க் கூட்டம் ஒன்றை வைத்துச் சோதிக்கிறார்கள்.

இதில் இன்னொரு விஷயமும் சேர்ந்துகொள்கிறது. இந்த வலி தானாகவும் ஆறும், நாள்பட்ட பிறகும். 2022இல் ஃபின்லாந்து, ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், வைத்தியமே இல்லாத அல்லது போலி வைத்தியம் பெற்ற நோயாளிகளின் கணக்கை மட்டும் தொகுத்தார்கள். ஏறக்குறைய மூன்று மாசத்துக்கு ஒரு தரம், வலி மிச்சம் இருப்பவர்களில் பாதிப் பேர் தேறிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு வருஷத்தில் பத்தில் ஒன்பது பேர் கரையேறிவிடுகிறார்கள். எவ்வளவு காலமாக வலி இருந்தது என்பது அதில் பெரிய வித்தியாசம் செய்யவில்லை. "ஆறு மாசம் ஆச்சு, இனிமே தானா போகாது, ஊசி போட்டே ஆகணும்" என்று மிரட்டுகிறவர்களிடம் காட்ட வேண்டிய கணக்கு இது. பாதிப் பாதியாகத் தேறுவதால்தான், எந்த வைத்தியத்தைக் கடைசியாகச் செய்தோமோ அதற்குப் பெயர் போய்ச் சேருகிறது. தைலக்காரருக்கும் சேரும், புத்தூர்க்காரருக்கும் சேரும்.

மற்ற ஊசிகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கு இல்லை. போடாக்ஸ் ஊசியை 2005இல் ஹாங்காங்கில் 60 பேரிடம் சோதித்தார்கள். வலி குறைந்தது, ஆனால் சிலருக்கு விரல்களை நிமிர்த்தும் பலம் குறைந்தது. டைல் பதிக்கிறவனுக்கும் மாவு விசிறுகிறவனுக்கும் விரல் போனால் வலி போய் என்ன லாபம்? சர்க்கரைக் கரைசலைச் செலுத்தும் புரோலோதெரபிக்கு நல்ல முடிவு சொல்லும் ஆய்வுகள் உண்டு, எல்லாம் சின்னச் சின்னவை. டெண்டுல்கர் போன ஆபரேஷன் வழியைக்கூடச் சிட்னியில் சோதித்திருக்கிறார்கள்: 26 பேர், பாதிப் பேருக்கு நிஜ ஆபரேஷன், மீதிப் பேருக்குத் தோலை மட்டும் வெட்டித் தைத்து அனுப்பினார்கள். 2018இல் முடிவு வந்தபோது இரண்டு கூட்டமும் ஒரே அளவுக்குத்தான் தேறியிருந்தன.

நான் ஊசி போடவில்லை. எனக்கு அந்த வசதி இருந்தது, ஸ்டாண்டிலிருந்து டைல் உருவும் வேலையை ஹெல்ப்பர் பையனிடம் விட முடிந்தது. பிசியோதெரபிஸ்ட் கண்ணூர்க்காரர், முதல் நாளே, "சேட்டா, இது ஸ்லோ ஆணு. ரெண்டு மாசம் என்னைத் திட்டிட்டே செய்யணும்" என்று சொல்லிவிட்டார். சாதனம் என்று ஒன்றும் பெரிதாக இல்லை. முன்கையை மேசை மேல் வைத்து, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே தொங்க, உள்ளங்கை கீழே பார்க்க, அரை லிட்டர் மசாஃபி பாட்டிலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இடது கையால் வலது கையை மேலே தூக்கிவிட்டு, வலது கையாலேயே மெல்ல மெல்ல இறக்க வேண்டும். இறக்குவதுதான் பயிற்சி, தூக்குவது இல்லை. செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம், மறுநாள் காலையில் அதிகமாகியிருக்கக் கூடாது. பழகப் பழகப் பாட்டில் பெரிதாகும். பெல்ட் கட்டுகிறவர்கள் பலர் வலிக்கிற எலும்பின் மேலேயே கட்டுகிறார்கள், அதற்கு இரண்டு விரல் கீழே சதையின்மேல் வர வேண்டும். இப்போது லுங்கியைப் பிழிகிறேன். டைலை இரண்டு கையாலும் அடியில் கொடுத்துத்தான் எடுக்கிறேன். விரலில் மரத்துப்போதல், கழுத்திலிருந்து இறங்கும் வலி, கை மடங்காமல் பூட்டிக்கொள்ளுதல் இருந்தால் இந்தப் பதிவை மூடிவிட்டு டாக்டரைப் பாருங்கள், அது வேறு வியாதியாக இருக்கலாம்.

என்னைப் போல வேலையைக் கைமாற்ற முடியாதவர்களுக்கு என்ன வழி என்ற கேள்வி வரும். எனக்குத் தெரிந்த வழி ஊசியைவிடக் காகிதத்தில் இருக்கிறது. 2025 ஜனவரி 1 முதல் ராஸ் அல் கைமா உள்ளிட்ட வடக்கு எமிரேட்டுகளிலும் தனியார் வேலைக்காரர்களுக்கு ஹெல்த் இன்சூரன்ஸ் கட்டாயம், விசா புதுப்பிக்கும்போது வந்துவிடும். ஆண்டுக்கு 320 திர்ஹமில் தொடங்கும் அடிப்படைத் திட்டம், செலுத்த வேண்டியது கம்பெனி. அதை வைத்து டாக்டரைப் பார்க்கலாம், பிசியோ எத்தனை தடவை கிடைக்கும் என்று கார்டைக் காட்டிக் கேட்கலாம். தொழிலாளர் சட்டத்தில் புரொபேஷன் முடிந்தவருக்கு வருஷத்துக்கு 90 நாள் வரை சிக் லீவ் உண்டு, முதல் 15 நாள் முழுச் சம்பளம், அடுத்த 30 நாள் பாதி, மீதி சம்பளம் இல்லாமல். டாக்டரிடம் போகிற நம் ஆட்கள் "ஊசி போடுங்க" என்று கேட்கிறார்களே தவிர, "லைட் டூட்டின்னு நாலு வாரத்துக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்க" என்று கேட்பதில்லை. ஃபோர்மேன் ஒத்துக்கொள்ள மாட்டார் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். எங்களுக்கு டைல் பதித்துத் தரும் மேஸ்திரி ஒருவர் கேட்டுப் பார்த்தார். முகத்தைச் சுளித்தாலும் ஃபோர்மேன் அவரைச் சுத்தியலிலிருந்து எடுத்து, நூல் பிடித்து மார்க் பண்ணும் வேலையில் போட்டார். பரோட்டா மாஸ்டரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். "முதலாளிகிட்ட கேக்கணும்ணே" என்றார். இரண்டாவது ஊசிக்கு எடுத்திருந்த அப்பாயின்ட்மென்ட்டை இன்னும் கேன்சல் பண்ணவில்லை.